பிள்ளை ஐசியுவில் இருக்கும்போது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நேற்றுவரை ஓடி ஆடிய பிள்ளை இன்று ஐசியுவில் கிடக்கிறது. என்ன நடந்தது என்றே புரியாமல் வாசலில் நிற்கிற அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்ப்பதால், பெற்றோர் கேட்கிற கேள்விகள் எனக்கு நன்றாகவே பழக்கம். கேட்கத் தயங்கி மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற கேள்விகளும் ஓரளவு தெரியும். வரிசையாகப் படிக்க வேண்டாம். இப்போது எந்தக் கேள்வி உங்களை அரிக்கிறதோ, அதற்கு நேராகப் போங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வார்டில் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. நோயைப் பற்றி எங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை சரியாக நடக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த எண்ணம்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்சிக்குள் ஓடுகிறோம். முதலில் என்ன சொல்ல வேண்டும்?

எப்போது ஆரம்பித்தது, வழக்கத்திலிருந்து என்ன மாறியது, இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள். இந்த மூன்றையும் சொல்லுங்கள். கோர்வையாக வராவிட்டால் பரவாயில்லை, அதைக் கோர்த்துக்கொள்வது எங்கள் வேலை.

பிள்ளையின் எடை தெரிந்தால் சொல்லுங்கள். பெரியவர்களைப் போல் இல்லாமல் குழந்தைகளுக்கு அநேகமாக எல்லா மருந்துமே எடைக் கணக்கில்தான் போகும். தெரியாவிட்டால் பதற்றப்பட வேண்டாம். பிள்ளையின் நீளத்தை வைத்து எடையைக் கணிக்கிற வண்ண நாடா ஒன்று பல மருத்துவமனைகளில் இருக்கிறது, படுக்க வைத்து அளந்துவிடுவார்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்தபோது கூட இருந்த யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் காட்டுங்கள். எந்தக் கை முதலில் வெட்டி இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பதெல்லாம் வைத்தியத்துக்கு உதவும். 5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது, அது அவசரம்.

தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள். கட்டிலிலிருந்து விழுந்ததையோ, தாத்தாவின் மாத்திரையை எடுத்து விழுங்கியதையோ, சின்ன பேட்டரி ஒன்றைக் காணவில்லை என்பதையோ சொல்வதற்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் நாணய வடிவ பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். உங்களைக் கேள்வி கேட்பதற்காக நாங்கள் அங்கே நிற்கவில்லை. அந்த 2 மணி நேரம்தான் எங்கள் கவலை.

பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டு எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். கூட இருக்கக் கூடாதா?

கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

ஒரு காலத்தில் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் குழந்தை அதிகம் அழும், தொற்று பரவும் என்று சொல்லி, பல மருத்துவமனைகள் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் மட்டுமே பார்க்க விட்டன. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் அழுகையை நிறுத்தியது மனம் தேறியதால் அல்ல, மனம் விட்டுப்போனதால்தான் என்பது 1950களில் மெல்ல மெல்லப் புரிந்தது. 1959இல் பிரிட்டனில் அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று பெற்றோர் தங்கிக்கொள்ள இடம் கொடுக்கிற ஐசியுக்கள் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட, விரும்புகிற பெற்றோரை உள்ளே அனுமதிக்கலாம் என்றுதான் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்போது உங்களுக்கென்று ஒரு ஊழியர் பக்கத்தில் நின்று நடப்பதை விளக்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இது நடைமுறையில் இல்லை. சில நேரம் இடநெருக்கடியாலும் வெளியே நிற்கச் சொல்வார்கள். அப்படியானால், “எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை யார் வந்து தகவல் சொல்வார்கள்?” என்று கேட்டு ஒரு பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்க முடியாது என்று தோன்றினால் வெளியே இருப்பதும் சரிதான். அதனால் உங்கள் அன்பு குறைந்துவிடாது.

முதன்முதலில் பார்க்கும்போது எப்படி இருக்கும்?

பயமாக இருக்கும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வாயில் அல்லது மூக்கில் ஒரு குழாய், அது நகராமலிருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி. அந்தப் பிளாஸ்திரி மேலுதட்டை இழுத்துப் பிடித்திருப்பதால் முகமே வேறு மாதிரி தெரியும். கழுத்திலோ தொடையிலோ ஒரு ஊசிக்குழாய், கையில் இன்னொன்று, சிறுநீருக்கு ஒரு பை, விரலில் சிவப்பாக ஒளிரும் கிளிப். கைகளைத் துணியால் லேசாகக் கட்டியிருக்கலாம். அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அது. கண் முழுவதும் மூடாமல் இருந்தால் உலர்ந்துவிடாமலிருக்கக் களிம்பு தடவியிருப்போம். அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கண்ணீர் என்று நினைத்துவிடுவார்கள் பலர்.

இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பு உப்பிப்போகலாம். கண் இமைகள் திறக்க முடியாத அளவு வீங்கும். கடுமையான தொற்றில் ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, உள்ளே இருக்க வேண்டிய நீர் தசைக்குள் போய்விடுகிறது. அதோடு உயிரைக் காப்பாற்ற நாங்கள் ஏற்றும் திரவமும் சேர்கிறது. உடல் தேறத் தேற அந்த நீர் சிறுநீராக வெளியேறி, முகம் பழையபடி வடியும்.

வென்டிலேட்டர் போட்டுவிட்டார்கள் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. வராந்தாவில் காத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் என்னை மிகவும் வருத்துவது இந்தப் பேச்சுதான்.

வென்டிலேட்டர் வைத்தியத்தின் கதையே ஒரு குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவரின் யோசனைப்படி, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். அதன் வழியாக ரப்பர் பையை அமுக்கி அமுக்கி இப்சன் அவளுக்கு மூச்சு கொடுத்தார். அவள் பிழைத்தாள். அதன்பின் நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஐசியு என்ற ஏற்பாடே அங்கிருந்து வளர்ந்ததுதான். குழந்தைகளுக்கென்று தனி ஐசியு 1955இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் வந்தது.

அந்த மாணவர்களின் கைகள் செய்ததைத்தான் இன்று இயந்திரம் செய்கிறது. களைத்துப்போன நுரையீரலுக்கும் மூளைக்கும் இதயத்துக்கும் அவகாசம் வாங்கிக்கொடுக்கிறது. சில பிள்ளைகளுக்கு ஒரே நாளில் எடுத்துவிடுவோம், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே “வென்டிலேட்டரா?” என்பதோடு நிறுத்தாமல், “எதற்காகப் போட்டிருக்கிறீர்கள், எது சரியானால் எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில் நிலைமை விளங்கும்.

மானிட்டரில் சத்தம் வந்துகொண்டே இருக்கிறதே?

பெரும்பாலான அலாரங்கள் பிள்ளை கையை அசைத்ததாலோ கிளிப் நழுவியதாலோ வருபவை. நாங்கள் ஓடி வராவிட்டால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். சத்தத்தின் தன்மையும் திரையின் கோடும் எங்களுக்குப் பழக்கம். முடிந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எண்களைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தபடி உட்காருங்கள்.

நான் பேசுவது கேட்குமா? தொடலாமா?

மயக்க மருந்தில் இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்பது மருந்தின் அளவையும் நோயையும் பொறுத்தது. கேட்கிறது என்றே வைத்துக்கொண்டுதான் நாங்கள் நடந்துகொள்கிறோம். ஊசி போடுவதற்கு முன் மயங்கிக் கிடக்கும் பிள்ளையிடம், “கண்ணா, கையில் கொஞ்சம் வலிக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் போடுவோம். அம்மாவின் குரல் கேட்டதும் எகிறிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு மெல்ல இறங்குவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பேசுங்கள்.

என்ன பேசுவது என்று தெரியாமல் திகைப்பவர்கள் உண்டு. வழக்கமாகத் தூங்க வைக்கும்போது என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள். நோயைப் பற்றிப் பக்கத்தில் நின்று பேசுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தொடுவதற்கு முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்த இடம் பாதுகாப்பு என்று காட்டுவார்கள். லேசாக வருடுவதைவிட உள்ளங்கையை அசைக்காமல் வைத்திருப்பது பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நெற்றியில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை. தலையில் அழுத்தம் கூடியிருக்கிற பிள்ளைகளை மட்டும் சில நாள் அதிகம் தொடவோ கூப்பிடவோ வேண்டாம் என்போம். அதற்கான காரணத்தையும் சொல்வோம். உதட்டைத் துடைப்பது, தோலுக்கு எண்ணெய் தடவுவது, துணி மாற்றுவது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அவை எப்போதும் உங்கள் வேலையாகத்தானே இருந்தன.

“ஸ்டேபிள்” என்கிறார்கள். நல்ல செய்திதானே?

இந்த நிமிடம் மோசமாகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மிகவும் கவலைக்கிடமாக இருக்கும் பிள்ளைகூட ஸ்டேபிளாக இருக்கலாம்.

டாக்டரிடம் பேசப்போகும்போது இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்கட்டும், மற்றவர் எழுதட்டும். அதிர்ச்சியில் இருக்கும் மனது பாதிக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. திரும்பத் திரும்பக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். “இன்று எது உங்களுக்கு அதிகக் கவலை தருகிறது? அடுத்த 24 மணி நேரத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? நேற்றைவிட எது மாறியிருக்கிறது?” இந்த மூன்றும் நல்ல பதில்களை வரவழைக்கும். புரியாத சொல் வந்தால் உடனே நிறுத்தி, “எளிமையாகச் சொல்லுங்கள், டாக்டர்” என்று கேளுங்கள்.

இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கூட்டிக்கொண்டு வந்திருந்தால்?

இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு, மனதுக்குள் கேட்டுக்கொள்ளாதவர்கள் அநேகமாக இல்லை.

மெனிஞ்சோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலையும் ரத்தத் தொற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பிள்ளையை ஒரே நாளில் சாய்த்துவிடக்கூடிய நோய் அது. அந்த நோய் தாக்கிய 448 பிள்ளைகளின் வீட்டாரிடமும் மருத்துவர்களிடமும் எந்த மணியில் எது தெரிந்தது என்று விவரம் கேட்டுத் தொகுத்த ஆய்வு ஒன்று 2006இல் பிரிட்டனில் வெளியானது. முதல் 4 முதல் 6 மணி நேரம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருந்தது சாதாரணக் காய்ச்சலும் எரிச்சலும் பசியின்மையும்தான். எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்களான கழுத்து விறைப்பும் தோலில் ரத்தப் புள்ளிகளும் சராசரியாக 13 மணி நேரத்துக்குப் பிறகே வந்தன. மருத்துவரைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முதல் சந்திப்பிலேயே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். படித்துப் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கே முதல் பார்வையில் பிடிபடாதது, நள்ளிரவில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்த உங்களுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்று காலை வந்த முடிவை வைத்துக்கொண்டு நேற்றிரவைப் பார்க்கிறீர்கள். நேற்றிரவு உங்கள் கையில் இந்த முடிவு இல்லை.

அதே ஆய்வு பயனுள்ள இன்னொன்றையும் சொன்னது. கால் வலி, கை கால் சில்லிட்டுப்போவது, தோல் வெளிறியோ திட்டுத் திட்டாகவோ மாறுவது ஆகியவை ரத்தப் புள்ளிகளுக்கு முன்பே, சராசரியாக 8 மணி நேரத்தில் தெரிந்திருக்கின்றன. இதை உங்கள் மற்ற பிள்ளைகளுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் குத்திக்கொள்ள இதைப் பயன்படுத்தாதீர்கள்.

சில நேரம் உண்மையிலேயே ஒரு கவனக்குறைவு நடந்திருக்கும். வாளித் தண்ணீர், திறந்து கிடந்த மருந்துப் பெட்டி, ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தது. அப்படி இருந்தால் “உங்கள் தவறு எதுவும் இல்லை” என்று பொய்யாகச் சமாதானம் சொல்ல மாட்டேன். அந்தப் பாரத்தை மட்டும் தனியாகச் சுமக்காதீர்கள். மருத்துவமனையில் மனநல ஆலோசகரோ சமூகப் பணியாளரோ இருப்பார். அவரைக் கூப்பிடச் சொல்லி எங்களிடம் கேளுங்கள். பிள்ளைக்கு இப்போது வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் அம்மாவும்தான்.

அவர் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. எப்படி முடிகிறது அவரால்?

ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகத்தான் கலங்குவார்கள். ஒருவர் அழுவார், மற்றவர் பில் கட்டுவார், போன் பேசுவார், படிக்கட்டில் ஏறி இறங்குவார். அழாதவருக்கு வலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். “நீ ஏன் பார்க்கவில்லை” என்ற வாக்கியம் வாயில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள். அது ஒருமுறை வெளியே வந்துவிட்டால், பிள்ளை குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் இருவருக்கும் நடுவில் கிடக்கும்.

ஏதோ சரியில்லை என்று மனசு சொல்கிறது. டாக்டரோ பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2007இல் ரயன் சாண்டர்ஸ் என்ற குழந்தை, 3 வயது நிறைவதற்கு முன்பே, கடும் தொற்றால் இறந்துபோனான். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தும் அது எடுபடவில்லை. அதன் விளைவாக 2013இல் “ரயன் விதி” அங்கே நடைமுறைக்கு வந்தது. முதலில் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் பொறுப்பு நர்ஸிடம் சொல்ல வேண்டும், அதற்கும் பலன் இல்லையென்றால் குடும்பத்தார் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் புதிய மருத்துவர் ஒருவர் வந்து பார்க்கும்படி கோரலாம். இங்கிலாந்தில் 2021இல் 13 வயது மார்த்தா மில்ஸ் செப்சிஸால் இறந்த பிறகு, அவளுடைய பெற்றோர் போராடியதன் பலனாக 2024 முதல் அதே போன்ற “மார்த்தா விதி” மருத்துவமனைகளுக்கு வந்தது. செப்சிஸ் என்பது தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல் கட்டுமீறித் தன் உறுப்புகளையே தாக்குகிற நிலை. அது வேகமாக முற்றும், அதனால் ஒரு மணி நேரம்கூட அதில் பெரிது.

உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு விதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதே படிகளில் ஏறலாம். சொல்லும் முறையும் முக்கியம். “பயமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாற்றத்தைச் சொல்லுங்கள்: “இது அவனுடைய வழக்கமான அழுகை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னைப் பார்த்தான், இப்போது பார்க்கவில்லை. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. தயவுசெய்து இப்போதே வந்து பாருங்கள்.”

ஒரு அம்மாவைச் சொல்கிறேன். வார்டில் இருந்த மகளின் காய்ச்சல் இறங்கியிருந்தது, எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. “இவள் தலையணையின் ஓரத்தைத் திருகிக்கொண்டேதான் தூங்குவாள், இன்றைக்கு விரலே அசையவில்லை” என்றார் அந்த அம்மா. இந்த அடையாளம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி பரிசோதித்ததில், அந்தக் கை பலம் இழந்திருந்தது தெரிந்தது. உடனே ஸ்கேனுக்குப் போனோம். அந்த அம்மா பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் அடுத்த முறை வரும்வரை அது தெரிந்திருக்காது.

சொந்தக்காரர்களின் போன் ஓயவே இல்லை. என்ன செய்வது?

சித்தப்பாவோ அத்தையோ நண்பரோ, யாராவது ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒரு நாளைக்கு ஒருமுறை அவர் எல்லாருக்கும் செய்தி அனுப்பட்டும். உங்கள் போனை அணைத்துவிடலாம். “இதே மாதிரி எங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்கு…” என்று தொடங்குகிற கதைகளைக் காதில் வாங்காதீர்கள். ஒரே பெயருள்ள நோய் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி போவதில்லை. குழாய்களோடு கிடக்கும் பிள்ளையின் படத்தை யாரும் சமூக ஊடகத்தில் போட விடாதீர்கள். நாளைக்கு வளர்ந்து அந்தப் பிள்ளை அதைப் பார்க்கும்.

பணக் கவலை இருந்தால் ஆரம்பத்திலேயே சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். உதவிகளுக்கு விண்ணப்பிக்க நாள் பிடிக்கும்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. அதனிடம் என்ன சொல்வது?

உண்மையை, வயதுக்கு ஏற்ற அளவில். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள், அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

3 முதல் 6 வயதுக்குள் உள்ள பிள்ளைகள், தாங்கள் நினைத்ததாலும் சொன்னதாலும் காரியங்கள் நடக்கும் என்று நம்புகிற பருவத்தில் இருப்பார்கள். “தம்பிகூட நேற்று சண்டை போட்டேன், அதனால்தான்” என்று ஒரு குட்டி மனசு வெந்துகொண்டிருக்கும், வாயைத் திறந்து சொல்லாது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: “நீ செய்த எதனாலும் இது வரவில்லை. நீ கோபப்பட்டதால் வரவில்லை. இது உனக்கு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.” கடைசி வாக்கியம் உண்மையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். சில தொற்றுகளுக்கு வீட்டில் உள்ளவர்களும் தடுப்பு மருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

“தம்பி தூங்குகிறான்” என்று சொல்ல வேண்டாம். அன்றிரவு அந்தப் பிள்ளை கண்ணை மூடப் பயப்படும். “வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் கண் திறக்கவில்லை” என்பது போதும். ஐசியுவுக்கு வந்து பார்க்க ஆசைப்பட்டால், முதலில் ஒரு படத்தைக் காட்டிக் குழாய்களை விளக்குங்கள், அப்புறம் கூட்டி வாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது வரைந்து அனுப்புகிற படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

எனக்குச் சாப்பிடவும் தோன்றவில்லை, தூங்கவும் முடியவில்லை.

முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருக்கும்போது மற்றவர் போய்ப் படுக்க வேண்டும், தூக்கம் வராவிட்டாலும். முக்கியமான முடிவு கேட்கப்படும் நாளில் உங்கள் தலை தெளிவாக இருக்க வேண்டும். ஏதாவது மாற்றம் என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடுவோம். அந்த உறுதியை நர்ஸிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

கண் விழித்துவிட்டாள். ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று கத்துகிறாள். மூளை பாதித்துவிட்டதா?

இது பெரும்பாலும் ஐசியு குழப்பநிலை, மருத்துவத்தில் டெலிரியம் என்பார்கள். கடும் நோய், மயக்க மருந்துகள், ராப்பகல் தெரியாத வெளிச்சம், தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்து வருவது. எல்லாப் பிள்ளையும் கத்துவதில்லை. சிலர் ஒன்றிலும் ஒட்டாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பல நாள் கொடுத்த மயக்க மருந்தைக் குறைக்கும்போது வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு. அதனால்தான் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கிறோம்.

பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். பூச்சி இல்லவே இல்லை என்று வாதாட வேண்டாம். “நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், நீ மருத்துவமனையில் இருக்கிறாய், இப்போது காலை நேரம்” என்று சொல்லிக்கொண்டே இருங்கள். கண்ணாடி போடும் பிள்ளை என்றால் கண்ணாடியைக் கொண்டு வாருங்கள். பழைய போர்வை, பிடித்த பொம்மை எல்லாம் உதவும். இது அவளுடைய வழக்கமான குணமா என்று எங்களுக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

பிழைக்காது என்று சொல்லிவிட்டால்?

எங்களால் முடிந்தவரை நேராகச் சொல்வோம். அன்றைக்கே எல்லாவற்றையும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

மூளைச்சாவு என்பதும் கோமா என்பதும் ஒன்றல்ல. கோமாவில் மூளை செயல்படுகிறது, மீள்வதற்கு வழி இருக்கலாம். மூளைச்சாவில் மூளை முழுவதும் மீளாத வகையில் நின்றுவிட்டது. மார்பு ஏறி இறங்குவது வென்டிலேட்டரால்தான். அதனாலேயே குழந்தைகளுக்கு இதைப் பொதுவாக இடைவெளி விட்டு இரண்டு முறை சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க விரும்பினால் கேளுங்கள்.

சிகிச்சையால் இனிப் பலன் இல்லை என்ற நிலை வந்தாலும் பராமரிப்பு நிற்காது. வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். மடியில் வைத்துக்கொள்ளலாம், குழாய்களோடு எப்படித் தூக்குவது என்று நாங்கள் உதவுவோம். குளிப்பாட்டலாம். ஒரு கற்றை முடியோ கைத்தடமோ வேண்டுமென்றால் எடுத்துத் தருவோம். அன்று வேண்டாம் என்று தோன்றினாலும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லலாம். யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்தினால், “எங்களுக்கு நேரம் வேண்டும்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளை பழைய பிள்ளையாக இல்லையே?

கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும். நடையில் தள்ளாட்டம் தெரியும். படுக்கையில் சிறுநீர் போகும், நீங்கள் அடுத்த அறைக்குப் போனால்கூட அழும், ராத்திரி அலறி எழும். பாடத்தில் கவனம் நிற்காது. நீண்ட நாள் படுக்கையில் தசை கரைந்துபோயிருக்கும். உயிர் தப்பிய பிறகும் உடல், அறிவு, மனம், பழகும் விதம் என நான்கிலும் பாதிப்பு தொடரலாம் என்பதை மருத்துவ உலகம் இப்போது ஒப்புக்கொள்கிறது. குழந்தைகளுக்கென்று 2018இல் இதை ஒரு தனி வரையறைக்குள் கொண்டுவந்தார்கள்.

பள்ளிக்கு முதலில் அரை நாள் அனுப்புங்கள். ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள். மருத்துவமனை விளையாட்டு விளையாடினால், பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், தடுக்காதீர்கள். பிள்ளை நடந்ததை அப்படித்தான் செரித்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் தூக்கம் சரியாகாவிட்டால், பேச்சோ நடையோ பின்னுக்குப் போனால், மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஐசியுவில் இருக்கும்போதே ஒரு நோட்டில் தினமும் நாலு வரி எழுதி வையுங்கள்: இன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், நீ என்ன செய்தாய். ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிப் பரவிய நல்ல பழக்கம் இது. பிள்ளைக்கு அந்த நாட்கள் வெற்றிடமாகவோ கெட்ட கனவாகவோதான் நினைவிருக்கும். பின்னால் கேட்கும்போது வாசித்துக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கட்டும்.

பிள்ளை தேறிவிட்டது. ஆனால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

பிள்ளையை ஐசியுவில் வைத்திருந்த பெற்றோரில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைவிட, பிள்ளையை இழந்துவிடுவோம் என்று அந்த நேரம் எவ்வளவு பயந்தீர்கள் என்பதுதான் இதில் முக்கியமாகிறது. அதனால் “பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் இந்த நடுக்கமும், கண் முன்னால் காட்சிகள் ஓடுவதும், பிள்ளை மூச்சு விடுகிறதா என்று இரவில் எழுந்து எழுந்து பார்ப்பதும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்குப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களை யாரும் விசாரிப்பதே இல்லை.

ஒருநாள் வந்து உங்களையெல்லாம் பார்க்கலாமா?

வாருங்கள். பிள்ளை நடந்து வருவதைப் பார்க்க எங்களுக்கும் ஆசை உண்டு. படுத்திருந்த கோலத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம். முதலில் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வேறு குடும்பம் கஷ்டமான நேரத்தில் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்வோம். பிள்ளைக்கு வர விருப்பமா என்று கேளுங்கள். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்றால் திரும்பிவிடுங்கள். இறந்துபோன பிள்ளைகளின் பெற்றோரும் எங்களைப் பார்க்க வருகிறார்கள். கடைசி நாட்களில் நடந்ததில் புரியாமல் போனது ஏதாவது இருந்தால், டாக்டரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்து தருவோம். வருடங்கள் கழித்துக் கேட்டாலும் சரி.